வாசனை சீடர் மரத்துல முதல் வேலை: பலகை வாங்கறதுலேர்ந்து பாலிஷ் வரைக்கும்

பைன் பலகைய அறுத்து கொஞ்சம் கை பழகினதும் புதுசா மரவேலைக்கு வர்றவங்க அடுத்து கை வைக்கற மரம் பெரும்பாலும் வாசனை சீடர்தான். கலரும் அப்படி, வாசனையும் அப்படி, பார்த்தா விடமுடியாது. ஆனா பைன் மாதிரியே இதையும் நினைச்சு இறங்கினா முதல் பலகையிலயே கடுப்பாகிடும், கணு தெறிச்சுப்போகும், உப்புத்தாள் அடைச்சுக்கும், ஆசையா அடிச்ச வார்னிஷ் ஒரு வாரமானாலும் பிசுபிசுன்னே இருக்கும். இந்த மரத்துல வர்ற நல்லது கெட்டது ரெண்டுக்கும் காரணம் ரெண்டே விஷயம்தான், உள்ள ஊறியிருக்கற எண்ணெயும் எங்க பார்த்தாலும் இருக்கற கணுவும். இந்த ரெண்டையும் எப்படிக் கையாளறதுன்னு புரிஞ்சுட்டா மிச்சமெல்லாம் சாதாரண மரவேலைதான், அதனால கீழ சொல்றது எல்லாம் இந்த ரெண்டையே சுத்தி சுத்தித்தான் வரும்.

முதல்ல, கையில இருக்கறது எந்த சீடர்னு பாருங்க

சீடர்ங்கற பேர்ல விக்கறது ஒரே மரம் இல்ல, நாலஞ்சு மரத்துக்கு அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. இங்க நாம பேசறது ஈஸ்டர்ன் ரெட் சீடர், தாவரவியல் பேரு ஜூனிபெரஸ் வர்ஜினியானா, பேர்லயே தெரியுது இது ஜூனிபர் வகை மரம்னு. வட அமெரிக்காவோட கிழக்குப் பக்கம், கனடாவோட தென்கிழக்குலேர்ந்து மெக்சிகோ வளைகுடா வரைக்கும் தானா முளைக்கற மரம், பறவைங்க பழத்தத் தின்னுட்டு வேலியோரமா விதைய எச்சமா போட்டுட்டுப் போக, அங்கயெல்லாம் வரிசையா வளர்ந்து நிக்கும். இமயமலை தேவதாருவும் லெபனான் கொடியில இருக்கற சீடரும் செட்ரஸ்ங்கற வேற இனம். வேலி, கூரை ஓடு, வெளிச்சுவர் பலகைக்குப் போடற வெஸ்டர்ன் ரெட் சீடர் இன்னொரு மரம், தூயா பிளிகேட்டா. சுருட்டுப் பெட்டி செய்யற ஸ்பானிஷ் சீடர் ஊசியிலை மரமே கிடையாது.

இத ஏன் இவ்வளவு சொல்றேன்னா, வீடியோவுல ஒருத்தர் சீடர் இப்படித்தான்னு சொல்றது வெஸ்டர்ன் சீடரப் பத்தியா இருக்கும், நீங்க கையில வச்சிருக்கறது இதுவா இருக்கும், ரெண்டுக்கும் ஒத்தே வராது. கண்டுபிடிக்கறது ரொம்ப சுலபம். பலகையோட ஒரு ஓரத்த இழைப்புளியால ரெண்டு தடவ சீவிப் பாருங்க. உள்ள ஊதாவும் சிவப்பும் கலந்த கலர், நடுநடுவுல வெளிர் மஞ்சள் பட்டை, கூர்மையா மூக்குல ஏறற பென்சில் சீவற வாசனை, இது மூணும் இருந்தா இதுதான். வெஸ்டர்ன் சீடர் பழுப்பா இருக்கும், கையில எடுத்தா பஞ்சு மாதிரி லேசா இருக்கும்.

பென்சில் வாசனைன்னு சும்மா சொல்லல, 19ஆம் நூற்றாண்டுல நல்ல பென்சில்னா இந்த மரத்துலதான் செய்வாங்க, மரத்துல ஓடற ரேகை சீரா மெல்லிசா இருக்கறதால கத்தி வச்சா சிலும்பு எடுக்காம வழுக்கிட்டு வரும். 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல நல்ல மரம் தட்டுப்பாடாகி, பண்ணைங்கள்ல இருந்த பழைய சீடர் வேலிக் கட்டையக்கூட விலைக்கு வாங்கிட்டுப் போய் பென்சில் செஞ்சாங்க, அப்புறம்தான் கலிபோர்னியா பக்கம் வளர்ற இன்சென்ஸ் சீடருக்கு மாறினாங்க. வேலியா பல வருஷம் மழையில நின்ன கட்டை பென்சிலுக்கு ஆகியிருக்குன்னா இந்த மரத்தோட வைரம், அதாவது நடுவுல இருக்கற சிவப்பு மரம், எவ்வளவு நாள் உழைக்கும்னு பார்த்துக்கோங்க.

குணம் என்னன்னு நம்பர்ல கொஞ்சம்

காஞ்ச மரத்தோட எடை ஒரு கன மீட்டருக்கு சுமார் 530 கிலோ. அதாவது 1 மீட்டர் நீளம், 15 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனம் உள்ள பலகை ஒண்ணரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல வரும். சின்ன இரும்புக் குண்ட மரத்துல பாதி அமுக்க எவ்வளவு பலம் வேணும்னு பார்க்கற ஜங்கா கடினத்துல 900 பவுண்டு, வெஸ்டர்ன் சீடர் வெறும் 350தான், தேக்கு ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல. ஊசியிலை மரத்துக்கு 900ங்கறது நல்ல நம்பர், நகத்தால அழுத்தினா சட்டுனு தடம் விழாது.

ஆனா கடினமா இருக்குன்னு பலமா இருக்கும்னு எடுத்துக்காதீங்க. வளைவு தாங்கற விறைப்பு சுமார் 6 கிகா பாஸ்கல்தான், தேக்குல பாதி. கணு வேற இருக்கறதால அந்த இடத்துல இன்னும் பலவீனம். அதனால புத்தக அலமாரிக்கு நீளத் தட்டு, நாற்காலிக் கால், கட்டில் சட்டம், இதுக்கெல்லாம் இந்தப் பக்கமே வராதீங்க. பெட்டி, அலமாரிக்கு உள்ள அடிக்கற பலகை, டிராயரோட அடித்தட்டு, சின்ன அலங்காரப் பொருள், கடைசல் வேலை, இதுதான் இதோட இடம்.

சுருக்கம் ரொம்ப கம்மி, இதுதான் இந்த மரத்தோட பெரிய வரம். பச்சையிலேர்ந்து முழுசா காயற வரைக்கும் ஆர வாக்குல (மரத்தோட நடுவுலேர்ந்து பட்டைய நோக்கி) சுமார் 3.1 சதவீதம், வளையத்தை ஒட்டின வாக்குல 4.7 சதவீதம். வீட்டுக்குள்ள மழைக்காலத்துக்கும் வறண்ட காலத்துக்கும் மரத்துல ஈரம் ஒரு 4 சதவீதம் ஏறி இறங்குதுன்னு வச்சா, 30 செ.மீ. அகலப் பலகை சுமார் 2 மி.மீ.க்குள்ளதான் அசையும். மத்த மரத்தோட ஒப்பிட்டா இது சும்மா, ஆனா பூஜ்யம் இல்ல, அந்த 2 மி.மீ.க்கு இடம் விடாம பெட்டிய இறுக்கி ஒட்டினா எங்கயாவது ஒரு இடத்துல வெடிப்பு விழும்.

பலகை தேர்ந்தெடுக்கறது

இந்த மரம் ரொம்பப் பெருசா வளராது, பெரும்பாலும் 12லேர்ந்து 15 மீட்டர் உயரம், அடிமரம் 30லேர்ந்து 60 செ.மீ. விட்டம். அதுவும் உருண்டையா இருக்காது, அடியில பள்ளமும் மேடுமா இருக்கும். அதனால அகலமான, கணு இல்லாத பலகை வேணும்னு தேடினா தேடிக்கிட்டேதான் இருக்கணும். கணு இருக்கும்னு ஒத்துக்கிட்டு எந்தக் கணு நல்ல கணுன்னு பார்க்கக் கத்துக்கறதுதான் புத்திசாலித்தனம்.

சுத்தியிருக்கற மரத்தோட பிசிறில்லாம சேர்ந்து இருக்கற சிவந்த கணு நல்லது, அழகும் கூட. சுத்தி கருப்பா ஒரு வளையம் தெரிஞ்சா அது செத்த கிளையோட கணு, பின்னாடி கழண்டு விழும், விரலால அழுத்திப் பாருங்க அசையுதான்னு. பலகை ஓரத்துல பாதியா வெட்டுப்பட்ட கணு வேணவே வேணாம், அறுக்கும்போது தெறிக்கும். அப்புறம் பட்டை உள்ள மாட்டிக்கிட்ட கருப்புக் கோடு இருக்கான்னு பாருங்க, அடிமரம் பள்ளமும் மேடுமா வளர்றதால இது இந்த மரத்துல அடிக்கடி வரும், அந்த இடத்துல பலகை ரெண்டா பிளக்கும்.

வெளிர் மஞ்சள் பகுதி வெளிமரம். உள்ள இருக்கற சிவப்பு வைரத்துக்குத்தான் வாசனையும் பூச்சி, பூஞ்சை, கரையான் தாங்கற சக்தியும். ரெண்டும் கலந்த பலகை பார்க்க ரொம்ப அழகு, பெட்டி மூடிக்கு அதைத்தான் நான் எடுப்பேன், ஆனா துணி வைக்கற பெட்டிக்கு உள்பக்கமோ வெளியில மழை படற இடத்துக்கோ எடுத்தா சிவப்பு அதிகமா இருக்கறதப் பார்த்து எடுங்க.

இன்னொரு விஷயம், சூளையில ரொம்ப சூடு வச்சு வேகமா காயவச்ச பலகையில எண்ணெய் பாதி ஆவியாப் போயிருக்கும். கேட்டுப் பாருங்க, குறைஞ்ச சூட்டுல காயவச்சதான்னு. கேட்க வழியில்லன்னா ஒரு மூலைய உப்புத்தாளால தேய்ச்சு மோந்து பாருங்க, வாசனை பட்டுனு வரணும்.

பச்சைப் பலகையா கிடைச்சா நுனி ரெண்டுலயும் மெழுகோ பெயிண்டோ தடவி, இடையில குச்சி வச்சு அடுக்கி, வெயில் நேரா படாத காத்தோட்டமான இடத்துல வைங்க. இது சுலபமா காயற மரம், முறுக்கறது வளையறதும் கம்மி. காஞ்ச பலகையா வாங்கினாலும் வேலை செய்யப்போற அறையில ஒரு வாரம் ரெண்டு வாரம் சும்மா போட்டு வச்சு அந்த இடத்து ஈரத்துக்குப் பழக விடுங்க.

மாஸ்க் போடாம தொடாதீங்க

வாசனை நல்லா இருக்கேன்னு தூள சுவாசிக்க வேணாம். இந்த மரத்தோட தூள் மூக்கு, தொண்டை, தோலு மூணையும் எரிச்சல் படுத்தும், சிலருக்கு அரிப்பு வரும், ஆஸ்துமா இருக்கறவங்க ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். என்95 மாஸ்க் போடுங்க, முடிஞ்சா தூள் உறிஞ்சற மிஷின ஓடவிடுங்க, முழுக்கைச் சட்டை போடுங்க. வாசனைய ரசிக்கணும்னா தூள்ல இல்லாம இழைப்புச் சுருள்ல ரசிங்க.

அறுக்கறதும் இழைக்கறதும்

ரம்பம் கூர்மையா இருக்கணும், இந்த ஒரே வரியில பாதி பிரச்சனை தீரும். மொக்கை பிளேடு சூடாகும், சூடானா எண்ணெயும் பிசினும் பல்லுல ஒட்டும், ஒட்டினா இன்னும் சூடாகி வெட்டின இடம் கருகும், அது இன்னும் ஒட்டும். வேலை நடுவுல பிளேட எடுத்துப் பாருங்க, பழுப்பா பிசின் படிஞ்சிருந்தா மிஷின ஆஃப் பண்ணி பிளக்கப் புடுங்கிட்டு டர்பன்டைன்ல நனைச்ச துணியால தொடைச்சுடுங்க. பல்லு பளிச்சுன்னு ஆனதும் அதே பிளேடு புதுசு மாதிரி வெட்டும்.

இழைக்கறதுதான் இந்த மரத்துல நிஜமான பாடம். கணு இல்லாத இடத்துல இழைப்புளி போகும்போது ஒரே சீரா ஒரு சத்தம் வரும், ஊதாச் சுருள் நீளமா சுருண்டு வரும், கை பாட்டுக்குப் போகும். கணுவுக்கு ரெண்டு விரக்கடை முன்னாடியே அந்தச் சத்தம் மாறும், கரகரன்னு ஆகும், ஏன்னா அந்த இடத்துல ரேகை கணுவச் சுத்தி மேல திரும்புது. அந்தச் சத்தம் கேட்டதும் அப்படியே அழுத்திட்டுப் போனீங்கன்னா கணுவுக்குப் பின்பக்கம் ஒரு சில்லு பெயர்ந்து வந்துடும், அந்தப் பள்ளத்த எடுக்க முழுப் பலகையையும் ஒரு மி.மீ. இறக்க வேண்டியிருக்கும். அங்க நிறுத்துங்க. இழைப்புளிய கொஞ்சம் கோணலா திருப்பிப் பிடிங்க, பிளேட உள்ள இழுத்து பேப்பர் கனத்துக்குச் சீவற மாதிரி வைங்க, கணுவோட ரெண்டு பக்கத்துலேர்ந்தும் கணுவ நோக்கி வாங்க, தாண்டிப் போகாதீங்க. அப்பவும் பெயருதுன்னா இழைப்புளிய வச்சுட்டு கையால சுரண்டற மெல்லிசு ஸ்கிரேப்பர் தகட்ட எடுங்க, கணு மேல அதான் ராஜா.

மிஷின்ல இழைச்சாலும் இதே கதைதான், ஒரே தடவைல ஆழமா எடுக்காதீங்க. ஓரத்துல வடிவம் வெட்டற ரவுட்டர் மிஷின்ல ஓரம் போடும்போது கணு ஓரத்துல வருதான்னு முன்னாடியே பார்த்து, வந்தா அந்த ஓரத்தையே மாத்திடுங்க.

கணுவுல சின்ன வெடிப்பு இருந்தா இழைக்கறதுக்கு முன்னாடியே தண்ணியா இருக்கற சூப்பர் குளூவ சொட்டுச் சொட்டா விட்டு ஊற விடுங்க. பெரிய ஓட்டைன்னா எப்பாக்சியில இதே மரத்தோட தூளக் கலந்து அடைக்கலாம், ஆனா அது மரக் கலர்ல இல்லாம கருஞ்சிவப்பாத்தான் தெரியும். கணு பக்கத்துல அது ஒண்ணும் உறுத்தாது, வெறும் மரத்துல வச்சா ஒட்டுப்போட்டது பளிச்சுன்னு தெரியும்.

ஆணி, ஸ்குரூ, பசை

இது பிளக்கற மரம். ஓரத்துக்குப் பக்கத்துல ஆணிய நேரா அடிச்சா பிளந்துடும், முன்னாடியே டிரில்ல ஓட்டை போட்டுத்தான் எதையும் ஏத்தணும், சின்ன ஆணியா இருந்தாலும் சரி. கணு மேல ஸ்குரூ வேணாம்.

பசைக்கு சாதாரண வெள்ளை மரப்பசையே போதும், நல்லா பிடிக்கும். ஒரே கண்டிஷன், ஒட்டற முகம் புதுசா இழைச்சதா இருக்கணும். போன மாசம் இழைச்சு வச்ச பலகைய எடுத்து அப்படியே ஒட்டாதீங்க, மேல எண்ணெய் கசிஞ்சு படிஞ்சிருக்கும். ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு சீவு சீவிடுங்க, முடியலன்னா அசிட்டோன்ல நனைச்ச துணியால தொடைச்சு அது ஆவியானதும் உடனே ஒட்டுங்க.

வெளியில வைக்கற பொருளா இருந்தா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூ போடுங்க, சாதா இரும்பு ஈரத்தோட சேர்ந்தா சுத்தி கருப்புக் கறை இறங்கும்.

தேய்க்கறது

உப்புத்தாள் சீக்கிரமா அடைச்சுக்கும், அதுவும் வேகமா சுத்தற மிஷின்ல. வேகத்தக் குறைங்க, அழுத்தாதீங்க, அடைச்ச தாள ரப்பர் கட்டியால தேய்ச்சு சுத்தம் பண்ணிட்டே போங்க. 120, 150, 180 நம்பர் தாள் போதும், உள்பக்கத்துக்கு அதுக்கு மேல தேவையில்ல. ரொம்ப நைசா தேய்ச்சு பளபளன்னு ஆக்கினா வாசனை வெளிய வர்றதும் குறையும். கணுவும் சுத்தி இருக்கற மரமும் ஒரே கடினம் இல்லாததால, கையால வெறும் தாள வச்சுத் தேய்ச்சா கணு மேடாவும் மத்தது பள்ளமாவும் ஆகும், தட்டையான கட்டையில தாளச் சுத்தித் தேயுங்க.

பாலிஷ் போடறதா வேணாமா

உள்பக்கம் போடவே கூடாது. இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. வாசனைக்காக வாங்கின மரத்துக்கு மேல வார்னிஷ் அடிச்சா வாசனை உள்ளயே அடைஞ்சுபோகும், அதவிட மோசம், மூடின பெட்டிக்குள்ள எண்ணெய் ஆவி தேங்கி, அடிச்ச வார்னிஷையே இளக்கி பிசுபிசுப்பாக்கிடும். அந்தப் பெட்டியில பிளாஸ்டிக் சாமானோ லாக்கர் அடிச்ச சாமானோ வச்சா அதுவும் ஒட்டிக்கும். உள்ள எந்தப் பூச்சும் இல்லாம வெறும் மரமாவே விடுங்க.

வெளிப்பக்கத்துக்குப் போடலாம், வெளியில வேற மரம் வச்சு உள்ள மட்டும் சீடர் போட்டா இன்னும் வசதி. சீடர் மேலயே போடறதுன்னா நேரா எண்ணெய் வகை வார்னிஷுக்குப் போகாதீங்க, மரத்தோட எண்ணெய் அத காய விடாம இழுத்தடிக்கும். முதல்ல மெழுகு நீக்கின ஷெல்லாக் (அரக்குலேர்ந்து செய்யற பூச்சு) ஒரு மெல்லிசு கோட், அது எண்ணெய அடைச்சு நிறுத்தும், கணுவுலேர்ந்து பிசின் கசியறதையும் தடுக்கும். காஞ்சதும் லேசா தேய்ச்சுட்டு மேல தண்ணி வகை பாலியூரிதேனோ வேற எதுவோ போட்டுக்கலாம். எதப் போட்டாலும் முதல்ல துண்டுக் கட்டையில போட்டு ரெண்டு நாள் விட்டுப் பாருங்க. ஆளி எண்ணெய், டங் எண்ணெய் தொட்ட துணியக் கசக்கிக் குப்பையில போடாதீங்க, தானா தீப்பிடிக்கும், விரிச்சுக் காயவச்சுட்டுப் போடுங்க.

கலரப் பத்தி ஒரு எச்சரிக்கை. வெட்டின அன்னைக்கு இருக்கற ஊதா நிக்காது. வெளிச்சம் பட்டா சிவப்புப் பழுப்பாகும், அப்புறம் வெறும் பழுப்பாகும், வெயில்லயும் மழையிலயும் வச்சா சாம்பலாகும். புற ஊதாக் கதிரத் தடுக்கற பூச்சு தள்ளிப்போடும், நிறுத்தாது. பழுப்பானதும் அழகாத்தான் இருக்கு, ஆனா ஊதாவுக்காகவே வாங்கறவங்க இத முன்கூட்டியே தெரிஞ்சுக்கறது நல்லது.

துணிப்பெட்டிக்கு உள்பக்கப் பலகை

இந்த மரத்த நிறையப் பேரு எடுக்கறதே இதுக்காகத்தான். முழுப் பெட்டியையும் சீடர்லயே செய்யணும்னு அவசியமில்ல, பழைய அலமாரிக்கோ பெட்டிக்கோ உள்ள 6லேர்ந்து 10 மி.மீ. கனமுள்ள சீடர் பலகைய வரிசையா அடிச்சா போதும். ஒரு ஓரத்துல நீட்டிக்கிட்டு இருக்கற நாக்கும் மறு ஓரத்துல அது நுழையற காடியும் போட்ட பலகையாவே ரெடிமேடா கிடைக்கும், அதுதான் வசதி.

உள்ள சுத்தமா தொடைச்சு, பழைய வாடை இருந்தா காயவிட்டு ஆரம்பிங்க. முதல் பலகைய அடியில மூலைமட்டம் வச்சு நேரா வைங்க, இது கோணினா மேல போகப்போக எல்லாமே கோணும். ஓட்டை போட்டு சின்ன ஆணி அடிங்க, ஒவ்வொரு பலகைக்கும் காடிப் பக்கம் விட்டுட்டு நாக்குப் பக்கம் மட்டும் அடிச்சா போதும், அடுத்த பலகையோட காடி ஆணித்தலைய மறைச்சிடும், பலகைக்கு அசைய இடமும் கிடைக்கும். முதுகு முழுக்கப் பசை பூசி ஒட்டாதீங்க, அந்த 2 மி.மீ. ஞாபகம் இருக்கட்டும். கடைசிப் பலகைய அளவுக்கு நீளவாக்குல அறுத்து, மூலையில ஒரு நூல் இடம் விட்டு முடிங்க.

பெரிய பெட்டியா செய்யறீங்கன்னா பூட்டு விஷயத்துல கவனம். மூடினதும் தானா பூட்டிக்கற தாழ்ப்பாள் வேணவே வேணாம். அப்படிப் பூட்டற பழைய சீடர் பெட்டிகளுக்குள்ள குழந்தைங்க மாட்டி மூச்சுமுட்டி இறந்திருக்காங்க, அமெரிக்காவுல 1996ல 1912லேர்ந்து 1987 வரைக்கும் செஞ்ச அந்த மாதிரிப் பெட்டிங்களோட பூட்ட மாத்தச் சொல்லி பெரிய அளவுல திரும்பக் கூப்பிட்டாங்க. சாதா கீல், மூடி தடாலுன்னு விழாம மெதுவா இறங்கற தாங்கி, கொக்கிகூட இல்லாம இருந்தாலும் பரவாயில்ல.

பூச்சி வராதா, எவ்வளவு நம்பலாம்

பாதிதான் நம்பலாம். கம்பளி, பட்டு, இறகு, ரோமம் தின்னற துணி அந்துப்பூச்சியில, துணிய அரிக்கறது பறக்கற பூச்சி இல்ல, அதோட புழு. சீடர் எண்ணெய்ல இருக்கற செட்ரால், செட்ரீன், துஜாப்சீன் மாதிரிப் பொருளோட ஆவி ரொம்பச் சின்னப் புழுவ கொல்லும், அதுவும் ஆவி தேங்கி நிக்கற அளவுக்கு இறுக்கமா மூடின பெட்டியில. வளர்ந்த புழுவையும் முட்டையையும் அது ஒண்ணும் பண்ணாது. அடிக்கடி திறந்து மூடற அலமாரியில வாசனை நமக்குத்தான், பூச்சிக்கு இல்ல. அதனால துணிய துவைச்சு, நல்லா காயவச்சு, வேர்வைக் கறை இல்லாம உள்ள வைங்க, புழு முதல்ல தேடறது அந்தக் கறை பட்ட இடத்தைத்தான். துணி நேரா மரத்துல படாம இருக்க பழைய பருத்தித் துணி ஒண்ண விரிச்சு வைங்க, எண்ணெய் படிஞ்சு மஞ்சள் கறை வரும், பட்டுல வந்தா போகாது.

ஒண்ணு ரெண்டு வருஷத்துல வாசனை குறைஞ்சா மரம் செத்துப்போச்சுன்னு நினைக்க வேணாம். மேல்பரப்புல இருக்கற எண்ணெய் மட்டும்தான் போயிருக்கும், 180 இல்லன்னா 220 நம்பர் தாளால லேசா ஒரு தேய் தேய்ச்சு தூளத் தொடைச்சா திரும்ப வந்துடும். கடையில விக்கற சீடர் எண்ணெய பலகை மேல ஊத்தறது எனக்குப் பிடிக்காது, திட்டுத்திட்டா ஆகும், துணியிலயும் ஏறும். ஊத்தணும்னா ஒரு துண்டுக் கட்டையில ஊத்தி ஊறவச்சு மூலையில வைங்க. இந்த எண்ணெய்க்கு இன்னொரு பழைய வேலையும் இருந்துச்சு, நுண்ணோக்கியில லென்சுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல விடற சொட்டு ரொம்ப காலம் கெட்டியாக்கின சீடர் எண்ணெய்தான், ஒளிய அது கண்ணாடி வளைக்கற அளவுக்கே வளைக்கும்ங்கறதால.

முதல் வேலையா என்ன செய்யலாம்

நேரா பெரிய பெட்டிக்குப் போகாம, டிராயர்ல போடற கட்டைய செய்ங்க. 2 செ.மீ. கனம், 5 செ.மீ. அகலம், 8 செ.மீ. நீளம், ஓரம் லேசா மழுக்கி, ஒரு முனையில ஓட்டை போட்டு கயிறு கோத்து விட்டா ஹேங்கர்லயும் தொங்கும். இதுல அறுக்கறது, இழைக்கறது, ஓட்டை போடறது, தேய்க்கறது நாலும் வந்துடுது, கணு எப்படி நடந்துக்கும்னும் தெரிஞ்சிடும், கெட்டாலும் சின்னக் கட்டைதான். அடுத்து டிராயர் அடித்தட்டு, காடியில சும்மா நுழைச்சு விடறது, பசையே வேணாம். அதுக்கப்புறம் மூடி வச்ச சின்னப் பெட்டி. கடைசல் மிஷின் இருந்தா கிண்ணமும் கடையலாம், நல்லா கடையும், ஆனா சாப்பாடு வைக்க வேணாம், வாசனை அதுல இறங்கிடும்.

மிஞ்சற சுருளையும் தூளையும் வீணாக்க மனசு வராது, தெரியும். சுருள மெல்லிசு துணிப்பையில கட்டி ஷூ வைக்கற இடத்துல போடலாம். ஆனா வீட்டுல எலி, முயல், பறவை மாதிரி சின்னப் பிராணி வளர்க்கறவங்க அதுங்க கூண்டுல இந்தச் சுருளப் பரப்பாதீங்க, இதுலேர்ந்து வர்ற ஆவி அதுங்களுக்கு ஆகாது.